மக்காசார் நீரிணையின் இரு கரைகள்: ஒரு பயணக் குறிப்பு

வெள்ளி, செபிலோக்

போர்னியோத் தீவின் செபிலோக் காட்டில், மர உச்சி நடைபாதையில் மாலை ஐந்தரைக்கே ஏறி நின்றுவிட்டோம். எதிரே பட்டுப்போன ஒரு நெடுமரம், அதன் மேல்பாதியில் ஒரு பொந்து. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் பொந்திலிருந்து சிவந்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. செம்பறக்கும் அணில். விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, உடலைக் குறுக்கி, ஒரே பாய்ச்சல். கை கால்களுக்கு இடையே தோல் விரிந்து சதுரமாகி, எங்கள் தலைக்கு மேலே ஓசையின்றிக் கடந்து, தூரத்து மரத்தின் தண்டில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இன்றைக்கு நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அணிலை அல்ல, பிற்பகலில் வழிகாட்டி காட்டிய கொலுகோ என்ற சறுக்கும் பாலூட்டியை. மரப்பட்டையோடு பட்டையாக அப்பிக் கிடந்தது. சாம்பல் நிற ரோமத்தில் வெள்ளைப் புள்ளிகள். மரத்தில் படரும் பாசியும் பூஞ்சையும் அப்படித்தான் இருக்கும் என்பதால், ஐந்து மீட்டர் தள்ளி நின்றும் உருவம் பிடிபடச் சற்று நேரமானது. வயிற்றோரம் தோல் லேசாக அசைந்தது. உள்ளே குட்டி. தாயின் சவ்வுக்குள் தொட்டிலில் கிடப்பதுபோலக் கிடந்து, ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டியது. கழுத்திலிருந்து விரல் நுனி வரை, அங்கிருந்து வால் நுனி வரை ஒரே சவ்வு. பாலூட்டிகளில் இவ்வளவு முழுமையான சறுக்குச் சவ்வு வேறு எதற்கும் இல்லை. ஒரே தாவலில் 100 மீட்டருக்கு மேல் போகும்.

ஆசியக் காடுகளில் ஏன் இத்தனை சறுக்கும் விலங்குகள்? போர்னியோவில் அணில், கொலுகோ மட்டுமில்லை. ஓணான், தவளை, பாம்புகூட மரத்துக்கு மரம் சறுக்குகின்றன. அமெரிக்க வெப்பமண்டலக் காட்டில் இந்த வேலையை வால் செய்கிறது: சிலந்திக் குரங்கு, ஊளைக் குரங்கு, கிங்கஜூ, மர முள்ளம்பன்றி எல்லாம் வாலால் கிளையைப் பற்றிக்கொள்பவை. ஆப்பிரிக்காவில் இரண்டுமே குறைவு. 1983-ல் ஆய்வாளர்கள் லூயிஸ் எம்மன்ஸும் ஆல்வின் ஜென்ட்ரியும் இதற்குக் காட்டின் அமைப்பையே காரணமாகச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் மரங்களைப் பிணைக்கும் கொடிகள் மிகுதி, நடந்தே கடந்துவிடலாம். இங்கே கொடிகள் குறைவு, மரங்கள் மிக உயரம், ஆகவே சறுக்கல். அமெரிக்காவில் எளிதில் முறியும் கிளைகளும் பனைவகைகளும் அதிகம், ஆகவே பற்றும் வால். நல்ல விளக்கம்தான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த விலங்குகள் ஏன் இங்கே இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது என்பதே என் எண்ணம். எந்த விலங்கு எந்தக் காலத்தில் எந்தக் காட்டுக்குள் வந்து சேர முடிந்தது என்ற வரலாறு அதற்கு அடியில் இருக்கிறது. அந்த வரலாற்றைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். போர்னியோவில் தொடங்கி, மக்காசார் நீரிணையைத் தாண்டி, சுலாவெசியில் முடிக்கிறோம்.

சனி, கினபத்தாங்கான் ஆறு

படகில் போனோம். கரையோர மரங்களில் தும்பிக்கைக் குரங்குகளின் கூட்டம். ஆண் குரங்கின் மூக்கு வாய்க்கு மேல் தொங்குகிறது. இந்த இனம் போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இதன் நெருங்கிய சொந்தங்கள் வியட்நாமிலும் சீனாவின் பனிமலைக் காடுகளிலும் இருக்கின்றன. இலை தின்னும் இந்தக் குரங்குக் குடும்பத்தின் பழைய உறுப்பினரான மீசோபித்தெக்கஸின் எலும்புகள் கிடைத்ததோ கிரேக்கத்தில், ஏதென்ஸுக்கு அருகே பிக்கெர்மியில். இன்றைய வரைபடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு கிரேக்கம் மனத்தில் தோன்றவே தோன்றாது.

மதியத்துக்கு மேல் ஒராங்குட்டான் ஒன்று கரை மரத்தில் அத்திப்பழம் தின்பதைப் பார்த்தோம். எதிர்க்கரையிலும் ஒராங்குட்டான்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கு நீந்தத் தெரியாது. இரு கரைகளிலும் உள்ளவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டபோது இந்த ஆறே அவற்றைப் பிரித்து வைத்திருப்பது தெரிந்தது. படகில் சில நிமிடங்களில் கடக்கிற அகலம் இது. கிளை ஆறுகளுக்குக் குறுக்கே, கழித்துப்போட்ட தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒராங்குட்டான்கள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்கின்றன. முன்பு இருகரை மரங்களின் கிளைகளும் மேலே கோத்துக்கொண்டு நின்று இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. பெருமரங்களை வெட்டியதும் அந்த வழி அறுந்துபோயிற்று.

ஒராங்குட்டான் இன்று போர்னியோவிலும் வட சுமத்ராவிலும் மட்டும். பனியுகக் காலத்துப் பற்களோ தென் சீனக் குகைகளிலும் வியட்நாமிலும் லாவோஸிலும் ஜாவாவிலும் கிடைத்திருக்கின்றன. அதற்கும் பின்னே போனால், இமயத்தின் அடிவாரச் சிவாலிக் படுகைகளில் சிவாபித்தெக்கஸ். ஏறத்தாழ 1.2 கோடி முதல் 85 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குரங்கின் முகஎலும்பு ஒராங்குட்டானின் முகஎலும்பை அப்படியே ஒத்திருக்கிறது. அதன் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. அரேபிய நிலத்தட்டு யூரேசியாவோடு மோதி வழி திறந்த பிறகுதான் வர முடிந்தது. ஆக, ஆப்பிரிக்காவில் பிறந்த கிளை ஒன்று ஆசியா முழுக்கப் பரவி, கடைசியில் இந்த இரண்டு தீவுகளில் ஒதுங்கியிருக்கிறது. ஒரு விலங்கு இன்று வாழும் இடத்தை அதன் பிறப்பிடம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மரவாழ் பாலூட்டிகள் விஷயத்தில் அது பெரும்பாலும் கடைசிப் புகலிடம்.

ஞாயிறு, டானம் பள்ளத்தாக்கு

லஹாட் டத்து வழியாக வந்து சேரவே நாள் போய்விட்டது. இந்தப் பள்ளத்தாக்கில்தான் உலகின் மிக உயரமான வெப்பமண்டல மரம் நிற்கிறது: 100.8 மீட்டர். டிப்டெரோகார்ப் குடும்பம். சுற்றியுள்ள பெருமரங்களில் பாதிக்கு மேல் அந்தக் குடும்பம்தான் என்று வழிகாட்டி சொன்னார்.

தென்கிழக்கு ஆசியாவின் அடையாளம் என்று சொல்லத்தக்க இந்த மரங்களும் வெளியூர்க்காரர்கள்தான். குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அம்பர் ஏராளமாகக் கிடைத்தது. அது டிப்டெரோகார்ப் மரங்களின் பிசின். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிய காலத்தில் இந்த மரங்கள் அங்கே ஏற்கெனவே நின்றன. அதே சுரங்கத்தில் சிறு பாலூட்டிகளின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. அவற்றுள் மரத்தில் வாழ்ந்த ஆதி ப்ரைமேட்டுகளும் (தேவாங்கு, குரங்கு, மனிதர் எல்லாம் அடங்கும் பாலூட்டி வரிசை) உண்டு.

திங்கள், டானம்

நேற்று இரவு நடையைப் பற்றி இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான இரவு அதுதான்.

தலைவிளக்கு ஒளியில் முதலில் அகப்பட்டது போர்னியோத் தேவாங்கு. உயரக் கிளையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் தணல்போல ஒளிர்ந்தன. தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் எவ்வளவு தூரத்திலும் கண் மின்னும். அடுத்த அரைமணி நேரம் நாங்கள் தேடிய டார்சியர் என்ற சிறு ப்ரைமேட்டுக்கு அந்தப் படலம் இல்லை. ஆகவே விளக்கைச் சுழற்றிப் பயனில்லை. இடுப்பளவு உயரத்தில், கட்டைவிரல் தடிமனுள்ள நாற்று ஒன்றைச் செங்குத்தாகப் பற்றிக்கொண்டு அது உட்கார்ந்திருந்ததை வழிகாட்டிதான் கண்டுபிடித்தார்.

உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, நூறு கிராம் சொச்சம் எடை. ஒவ்வொரு கண்ணும் அதன் மூளை அளவு. கண்ணைக் குழிக்குள் உருட்ட முடியாது. அதனால் கழுத்தைத் திருப்புகிறது, முழுக்க முதுகுப்பக்கம் வரைக்கும். விரல் நுனிகள் வட்டத் திண்டுகள்போல உப்பியிருந்தன. கையில் ஒரு வெட்டுக்கிளி. தலையை முதலில் கடித்தது, கண்களை இறுக மூடிக்கொண்டு மென்றது, பிறகு காலைப் பிய்த்து ஒதுக்கியது. இலை, பழம், விதை எதையும் தொடாமல் இரையை மட்டுமே தின்று வாழும் ப்ரைமேட் இது ஒன்றே. கண்ணில் அந்த மின்னும் படலம் இல்லாதது ஒரு முக்கியமான தடயமும்கூட: தேவாங்கையும் லெமூரையும்விட டார்சியர் குரங்குகளுக்கும் நமக்கும் நெருங்கிய சொந்தம்.

இன்று டார்சியர்கள் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மட்டும். ஆனால் சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில் ஷாங்ஹுவாங் என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் சுமார் 4.5 கோடி ஆண்டு பழைய டார்சியர் பற்கள் கிடைத்தன. 1994-ல் அவற்றுக்குப் பெயர் வைத்தபோது, இன்றுள்ள பேரினமான டார்சியஸிலேயே அவற்றைச் சேர்த்தார்கள். ஹூபே மாநிலத்தில் கிடைத்த ஆர்க்கிசீபஸ் இன்னும் பழையது, 5.5 கோடி ஆண்டு. டார்சியர் கிளையின் அடியில் வைக்கப்படும் அந்த எலும்புக்கூட்டின் சொந்தக்காரருக்கு எடை 20 முதல் 30 கிராம்தான் இருந்திருக்கும்.

மர மூஞ்சூறுகளின் கதையும் இப்படியே. இறகுவால் மர மூஞ்சூறு இன்று மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பக்கம் மட்டும் வாழ்கிறது. புளித்த பனைப்பூத் தேனை இரவெல்லாம் குடித்தும் தள்ளாடாமல் நடக்கும் விலங்கு என்று 2008-ல் அதன்மேல் ஓர் ஆய்வு வந்தது. அதன் பேரினத்தையே சேர்ந்த 3.4 கோடி ஆண்டுப் பற்கள் சீனாவின் யுன்னானில் கிடைத்திருக்கின்றன. இன்றைய விலங்கோடு வேறுபாடு காண்பதே கடினம். கொலுகோவுக்கும் அப்படித்தான். அதன் கீழ் வெட்டுப்பல் ஒவ்வொன்றும் சீப்புபோலப் பிளவுபட்டிருக்கும். வேறு எந்தப் பாலூட்டியின் பல்லோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தாய்லாந்தின் கிராபியில் ஈயோசீன் காலப் (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்) படிவுகளில் கிடைத்த தாடைத் துண்டு கொலுகோ குடும்பத்தினுடையதுதான்.

ஏன் எல்லாம் ஈயோசீனில் போய் முடிகின்றன? 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடானது, 5 முதல் 8 டிகிரி வரை. காடு வடதுருவம் வரை ஏறியது. வடகோடியில் கனடாவின் எல்ஸ்மியர் தீவில், இன்று பனி மூடிய பாறைகளில், முதலைகளும் ஆமைகளும் மரவாழ் பாலூட்டிகளும் புதைபடிவங்களாகக் கிடக்கின்றன. ப்ரைமேட்டுகளுக்கு நெருங்கிய உறவான இக்னேசியஸ் அங்கே, மாதக்கணக்கில் நீளும் துருவ இருளிலேயே வாழ்ந்திருக்கிறது. வடபுலக் கண்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மேலே மரக்கூரை தொடர்ந்தது. மரத்தைவிட்டு இறங்காமலே கண்டம் விட்டுக் கண்டம் போக வழி இருந்தது. அதனால்தான் உண்மையான ப்ரைமேட்டுகள் ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா மூன்றிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. பிறகு 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பனி படிந்தது. வடக்கே காடு மெலிந்து திறந்தவெளியானது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ப்ரைமேட்டுகள் ஏறக்குறைய அற்றுப்போயின. குளிர் படாமல் ஈரக்காடு தப்பிய மூலை எது? இந்தத் தென்கிழக்கு மூலைதான். நேற்றிரவு நான் பார்த்த டார்சியர் இங்கே இருப்பதற்குக் காரணம், மற்ற இடங்களில் காடு அழிந்ததே.

தேவாங்கின் தடமோ வேறு திசையில் போகிறது. எகிப்தின் ஃபாயும் பாலைவனத்தில், ஒருகாலத்தில் கடலோரக் காடாக இருந்த நிலத்தில், தேவாங்குக் கிளையைச் சேர்ந்த, 3.7 கோடி ஆண்டு பழைய கரானிசியாவின் பற்கள் கிடைத்தன. இன்று அதன் உறவினர்கள் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறார்கள்: ஆப்பிரிக்காவில் பொட்டோவும் அங்வான்டிபோவும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தேவாங்கு, இங்கே இந்தப் பருத்த தேவாங்குகள். நடுவே வறண்ட நிலம். ஆனால் பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில் 80 லட்சம் ஆண்டுக்கு முந்தைய தேவாங்கு எலும்பு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கும் அப்போது காடு இருந்தது.

செவ்வாய், வழியில்

விமானத்தில் நாள் முழுதும். மேகம் விலகியபோதெல்லாம் கீழே கடல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் இந்தத் தீவுகளில் எட்டு ஆண்டுகள் சேகரித்து அலைந்தார். மேற்கே ஆசிய விலங்குகள், கிழக்கே ஆஸ்திரேலிய விலங்குகள், நடுவே மிகக் குறுகிய கடல் என்பதைப் பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையில் கண்டார். கோட்டை வடக்கே போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் நடுவே நீட்டினார். 1868-ல் உயிரியலாளர் ஹக்ஸ்லி அதற்கு வாலஸ் கோடு என்று பெயர் வைத்தார். கண்டங்கள் நகரும் என்று வெகனர் சொல்வதற்கு அரை நூற்றாண்டு முன்பு, விலங்குகளை வைத்தே நிலத்தின் வரலாற்றைப் படித்த மனிதர் வாலஸ்.

கோட்டின் காரணம் கடலின் ஆழம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தபோது போர்னியோவும் சுமத்ராவும் ஜாவாவும் ஆசியப் பெருநிலத்தோடு சேர்ந்துவிட்டன. மக்காசார் நீரிணை 2000 மீட்டருக்கு மேல் ஆழம். அது வற்றவே இல்லை. கடக்க வேண்டுமென்றால் தண்ணீரில்தான்.

புதன், டாங்கோகோ, சுலாவெசி

கறுப்பு எரிமலை மணல், கடலை ஒட்டியே காடு. காலை ஒன்பது மணிக்குக் கரடி கஸ்கஸ் என்ற பைப்பாலூட்டியைப் பார்த்தோம். மரத்தின் மேற்கவட்டில், வெயிலில் ரோமம் பழுப்பாக மினுங்க, மிக மெல்ல இலை பறித்துத் தின்றது. கால் பிடி தளர்ந்தபோதும் வால் கிளையைச் சுற்றியே இருந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் வாலின் நுனிப் பகுதியில் ரோமம் இல்லை. வெறும் தோல், பற்றுவதற்கேற்ற சொரசொரப்பு. வயிற்றில் பை. நேற்று முன்தினம் வரை நாங்கள் பார்த்த எந்த விலங்கோடும் இதற்கு உறவில்லை.

கஸ்கஸின் சொந்தங்கள் நியூகினியிலும் ஆஸ்திரேலியாவிலும். குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லி சுண்ணாம்புப் படிவுகளில் இந்தக் குடும்பத்தின் பழைய எலும்புகள் உண்டு. இன்னும் பின்னே போனால் வழி தெற்கே திரும்புகிறது. தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் ஒட்டியிருந்த காலத்தில் நடுவே இருந்தது பனிக்கண்டமில்லை, காடு. அண்டார்டிகத் தீபகற்பத்தை அடுத்த சீமோர் தீவில் ஈயோசீன் காலத்துப் பைப்பாலூட்டி எலும்புகள் கிடைத்ததை 1982-ல் அறிவித்தார்கள். அதைப் படித்தபோது எனக்குள் எழுந்த பரவசம் இன்னும் அடங்கவில்லை. சிலியின் குளிர்க்காட்டில் மரமேறும் மோனிடோ டெல் மோன்டே என்ற எலி அளவு விலங்கு, தன்னைச் சுற்றியுள்ள ஒப்போசம் என்ற அமெரிக்கப் பைப்பாலூட்டிகளைவிட ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளுக்கே நெருங்கியது. சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் டாஸ்மேனியப் பக்கத்துக் கடைசி இணைப்பும் அறுந்தது. ஜெர்மனியின் மெஸ்ஸல் ஏரிப் படிவுகளிலும் எகிப்தின் ஃபாயுமிலும்கூடப் பைப்பாலூட்டிகள் இருந்திருக்கின்றன. வடக்கே அவை நிலைக்கவில்லை.

மாலையில் பேரத்தி மரம் ஒன்றின் வேர்ச்சந்துக்கு முன் காத்திருந்தோம். அந்தி மங்கியதும் உள்ளிருந்து டார்சியர் ஜோடி வெளிவந்து, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குரல் கொடுத்தன. போர்னியோ டார்சியர் இப்படி இணைந்து பாடுவதில்லை. இவற்றின் முன்னோர் நீரிணையைக் கடந்து வந்து இரண்டு கோடி ஆண்டுகளை ஒட்டி ஆகியிருக்கும் என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்ட மரத்திட்டுகளில் வந்திருக்க வேண்டும். அணில்களும் வந்தன. குரங்குகள் மிகப் பின்னால் வந்தன. கொலுகோ வரவில்லை, மர மூஞ்சூறு, தேவாங்கு, கிப்பன், ஒராங்குட்டான் எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் இப்படி ஏறுமாறாக இருப்பதால் வாலஸே சுலாவெசியை எந்தப் பக்கம் வைப்பது என்று நெடுநாள் தடுமாறி, 1910-ல் கோட்டை இந்தத் தீவுக்குக் கிழக்கே நகர்த்தினார்.

வியாழன், டாங்கோகோ

மரத்திட்டில் மிதந்து கடல் தாண்டியது என்றால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் வேறு வழியில்லாத இடங்கள் உலகில் உண்டு. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது ப்ரைமேட் என்ற ஒன்றே இல்லை. இடையே 400 கிலோமீட்டர் கடல். இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட லெமூர் இனங்கள். இப்போது நீரோட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆனால் அந்தத் தீவு அன்று இன்னும் தெற்கே இருந்ததால் நீரோட்டம் அதை நோக்கி ஓடியிருக்கும் என்று ஜேசன் அலியும் மேத்யூ ஹூபரும் 2010-ல் கணித்துக் காட்டினார்கள். தென் அமெரிக்கக் குரங்குகள் அட்லாண்டிக்கையே தாண்டியவை. பெருவின் சாண்டா ரோசாவில் கிடைத்த சிறு பற்கள் வட ஆப்பிரிக்காவின் பழைய குரங்குகளின் பற்களை ஒத்தவை. அதுவும் ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் கிளைகளின் பற்கள். 2020-ல் அறிவித்த உக்காயலிபித்தெக்கஸ் அதில் இரண்டாவது. அட்லாண்டிக் அன்று இதைவிடக் குறுகியது என்றாலும் கடல் கடல்தான்.

காலையில் கொண்டைக் கருங்குரங்குக் கூட்டம் எங்களைச் சுற்றி ஒரு மணி நேரம் மேய்ந்தது. சுலாவெசியில் இந்தப் பேரினத்தில் ஏழு இனங்கள், தீவின் ஒவ்வொரு கரத்துக்கும் ஒன்று என்கிற மாதிரி. டார்சியர் இனங்களின் எல்லைகளும் பெரும்பாலும் அதே இடங்களில் விழுகின்றன. வேறு வேறு காலத்தில் வந்த இரண்டு விலங்குகளுக்கு ஒரே எல்லை ஏன்? தீவு பல துண்டுகளாகக் கிடந்தபோதும், இடையே கடல் புகுந்தபோதும், இரண்டும் அதே துண்டுகளில் தனித்துப் போயின என்பதே பொருத்தமான விடை. எல்லைகளில் இரண்டு குரங்கினங்கள் சந்தித்துக் கலந்தும் பிறக்கின்றன.

மனிதக் கைகளும் இந்த வரைபடத்தில் உண்டு. நியூகினிக்குக் கிழக்கே நியூ அயர்லாந்துக்கு வடக்கத்திக் கஸ்கஸ் போனது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன். குகைகளில் அதன் எலும்பு திடீரென்று ஒரு அடுக்கிலிருந்து தொடங்குகிறது. உணவுக்காக மனிதர்கள் படகில் ஏற்றிச் சென்று காட்டில் விட்டிருக்கிறார்கள். அதே மனித வேட்டையில்தான் டாங்கோகோவின் கருங்குரங்குகளும் கரடி கஸ்கஸும் வெகுவாகக் குறைந்தன. கருங்குரங்கு இன்று மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம். காவலர்கள் இரவில் கண்ணி தேடி நடக்கிறார்கள். இன்றிரவு அவர்களோடு போக அனுமதி கிடைத்திருக்கிறது. கண்ணிகள் எந்தப் பகுதியில் அதிகம் என்று கேட்டு நாளைக்கு எழுதுகிறேன்.